உலக அரசியல் கூட்டத்துக்குப் போனேன்: பேச்சு சுமார், கேள்வி நேரம் அருமை

போன சனிக்கிழமை மட்டக்களப்பு நகரில் ஒரு அரசியல்வாதி உலக அரசியல் பற்றிப் பேசினார், அனுமதி இலவசம். நோட்டீஸில் நாலு மணி என்று போட்டிருந்ததை நம்பி காந்தி பூங்காப் பக்கம் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு நேரத்துக்கே போய் உட்கார்ந்தேன். அவர் வந்தது ஐந்து பத்துக்கு, மறுகா பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிய ஆறு மணி. மண்டபத்தில் பாதி ஃபேன் சுற்றவில்லை.

ஆனால் ஆள் பேசத் தெரிந்தவர், அதை மறுக்க முடியாது. 2023 நவம்பரில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் சூயஸ் வழியாகப் போன கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனையால் போக வேண்டி வந்ததையும், அதனால் கப்பல் கூலி ஏறியதையும் கையில் தாள் இல்லாமல் கதை மாதிரிச் சொன்னார். அந்த இருபது நிமிடத்துக்காகவே போகலாம்.

சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகக் கதையில்தான் சறுக்கினார். கடன் கட்ட முடியாமல் போனதால் சீனா துறைமுகத்தைப் பறித்துவிட்டது என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார். கேள்வி நேரத்தில் ஒரு இளம் பிள்ளை எழும்பி, 2017இல் 99 வருடக் குத்தகைக்குக் கிடைத்த 112 கோடி டொலர் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லையே, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குத்தானே போனது, துறைமுகக் கடன் இன்னும் அரசின் தலையில்தானே, 2022இல் கடன் கட்ட முடியாமல் நாடு முறிந்தபோது சீனக் கடனைவிட, வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் பத்திரம் விற்று வாங்கிய சர்வதேசப் பிணைமுறிக் கடன்தானே பெரிது என்று ஒரே மூச்சில் கேட்டது. "நல்ல கேள்வி" என்று சிரித்துவிட்டு ஐயா அடுத்தவருக்கு மைக்கைக் கொடுக்கச் சொன்னார்.

அடுத்தவர் ஆரையம்பதி அம்மா ஒருவர், மகன் கட்டாரில் வேலை. 2025 யூன் 23 இரவு ஈரான் அங்குள்ள அமெரிக்கத் தளத்துக்கு ஏவுகணை விட்டதே, அதைச் சொல்லி, "அண்டைக்கு என்ட மகனுக்கு போன் போகல்ல ஐயா, இன்னொருக்கா அப்பிடி நடந்தா புள்ளையள ஆரு கூட்டிட்டு வாற?" என்றார். மண்டபமே அமைதியாகிவிட்டது. அரசுக்கு அழுத்தம் கொடுப்போம் என்பதுதான் பதில். ஒன்றரை மணி நேரமாக வல்லரசுகளைப் பற்றிக் கதைத்தவரிடம் இதற்கு இரண்டு வசனம்தான் இருந்தது.

மூன்றாவது கேள்வியோடு நேரம் போதாது என்று முடித்துவிட்டார்கள். வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்திருந்தால் இன்னும் பத்துப் பேர் கேட்டிருக்கலாம். கடைசியில் பிளேன்டீயும் வடையும் தந்தார்கள், வடை சூடாகவே இருந்தது.