விஸ்காமா, மதிய ஷிப்ட் பி.காமா? கேமராவோட காலேஜ் போறவனுக்கு எது செட் ஆகும்

என் சித்தி பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான். ரெண்டு வருஷமா கும்பகோணத்துல என் கூட கல்யாணத்துக்கு வந்து லைட் புடிச்சு, அப்புறம் அவனே கேண்டிட் எடுக்க ஆரம்பிச்சு, இப்ப காதுகுத்து பர்த்டேன்னு தனியா ஆர்டர் புடிக்கிற அளவுக்கு வந்துட்டான், ஜூன்ல சென்னை. அவனுக்கு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) வேணும், சித்திக்கு பி.காம் வேணும், பஞ்சாயத்து என்கிட்ட வந்துச்சு.

விஸ்காம்னா மூணு வருஷமும் போட்டோ எடுக்க சொல்லித்தருவாங்கன்னு பசங்க நினைக்கிறாங்க. அப்படி இல்ல, போட்டோகிராபி அதுல ஒண்ணு ரெண்டு பேப்பர்தான், மீதி டிராயிங், விளம்பரம், டிவி புரொடக்ஷன், எடிட்டிங், கம்யூனிகேஷன் தியரின்னு போகும். போட்டோ மட்டுமே டிகிரியா வேணும்னா ஐதராபாத்ல ஜேஎன்ஏஎஃப்ஏயூ-ங்கிற யுனிவர்சிட்டில 4 வருஷ பி.எஃப்.ஏ (நுண்கலை டிகிரி) இருக்கு, அது வேற செலவு. ஆனா விஸ்காம்ல ஒண்ணு கிடைக்கும், கூட படிக்கிற பசங்க. ஒருத்தன் ஆட் ஏஜென்சி போவான், ஒருத்தன் அசிஸ்டென்ட் டைரக்டர் ஆவான், நாலு வருஷம் கழிச்சு ஸ்டில்ஸ் எடுக்க ஆள் வேணும்னா மொத போன் உனக்குதான் வரும். சினிமா, விளம்பரம்தான் ஆசைன்னா யோசிக்கவே வேணாம், விஸ்காம்.

இவனுக்கு ஆசை கல்யாணம். இங்கதான் நான் மாறிட்டேன்.

வீக்எண்ட்ல ஷூட் பண்ணிக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, முகூர்த்தம் என்ன சனி ஞாயிறு பாத்தா வருது? வளர்பிறையில நல்ல நாள் புதன்கிழமை விழுந்தா புதன்கிழமைதான் தாலி. செமஸ்டருக்கு 90 நாள்னா 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் போக கையில 22 நாள், காய்ச்சலும் ஊருக்குப் போறதும் அதுக்குள்ளதான். இதுல விஸ்காம் பிராக்டிகல், ரெக்கார்டு, சப்மிஷன் எல்லாம் ஆளை விடாது.

சென்னைல நிறைய ஆர்ட்ஸ் காலேஜ்ல மதிய ஷிப்ட் உண்டு, ஒண்ணு ஒண்ணரைக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் ஆறு ஆறரைக்கு விடுவாங்க. முகூர்த்தம் நாலரை டு ஆறு, இல்ல ஆறு டு ஏழரை, பத்து மணிக்குள்ள பந்தி முடிஞ்சு மண்டபத்துல சேர் அடுக்க ஆரம்பிச்சிடுவாங்க, நீ குளிச்சிட்டு கிளாசுக்குப் போயிடலாம். முந்தின நாள் ரிசப்ஷன் ஏழு மணிக்குதான் சூடு புடிக்கும், அதுக்கும் ஓடிடலாம். ஆடி, மார்கழில முகூர்த்தமே இல்ல, அப்ப பழைய அரியரை படி. பி.காம் தெரிஞ்சா ஜிஎஸ்டி பில்லாவது ஒழுங்கா போடுவான், நான் இன்னும் ஆடிட்டர் பின்னாடி அலையிறேன். டிகிரிக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்ல வரல, ஆனா பெரிய போட்டோகிராபர் ரகுராயே படிச்சது சிவில் இன்ஜினியரிங்தான்.

ஒரே குறை, பி.காம் கிளாஸ்ல உன் படத்தைப் பாத்து திட்ட ஆள் இருக்காது. அதுக்கு ஒரு சீனியர் கிட்ட செகண்ட் ஷூட்டரா, அதாவது கூட நின்னு ரெண்டாவது கேமரால எடுக்கிறவனா ஒட்டிக்கணும், காசு கம்மியா குடுத்தாலும் பரவால்ல, உக்காந்து படம் செலக்ட் பண்றப்ப உன்னை பக்கத்துல வச்சிக்கிற ஆளா பாரு. புது ஊர்ல தனியா ரேட்ட குறைச்சு ஆர்டர் புடிக்கப் போனா, அதைவிட குறைச்சு எடுக்க இன்னொருத்தன் வருவான்.

அடுத்து கேமரா. பட்ஜெட்டுக்குள்ள ரெண்டு சாய்ஸ் வச்சிருக்கான், புது கேனான் ஆர்50 கிட் லென்ஸோட, இல்ல செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி750 கூட ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸ். ஆர்50 2023ல வந்தது, 375 கிராம், கண்ணை தானே புடிச்சு போக்கஸ் பண்ணும், ரீல்ஸுக்கு அருமை. டி750 2014 மாடல், 840 கிராம், வீடியோல போக்கஸ் தடவும். பேப்பர்ல ஆர்50தான் ஜெயிக்கும். ஆனா அந்த 18-45 லென்ஸ் ஜூம் பண்ணா f/6.3க்கு போயிடும், உள்ள வர்ற வெளிச்சம் கம்மியாயிடும், மண்டபத்துல வீடியோக்காரர் லைட்ட அந்தப் பக்கம் திருப்புன செகண்ட் உன் படம் கருப்பு.

அதைவிட பெருசு, ஆர்50ல கார்டு ஸ்லாட் ஒண்ணுதான், டி750ல ரெண்டு, ஒரே படத்தை ரெண்டு கார்டுலயும் சேவ் பண்ணிக்கலாம். எனக்கு ஒரு தடவை ஆச்சு. கெட்டிமேளம்னு கத்துறாங்க, அட்சதை மூஞ்சில வந்து விழுது, ஒரு மாமா கை குறுக்க, அதையும் தாண்டி மூணாவது முடிச்சு வரைக்கும் எடுத்துட்டேன். ரூமுக்கு வந்து லேப்டாப்ல போட்டா கார்டு ரீட் ஆகல. ரெக்கவரி கடையில ஒரு வாரம் கிடந்து பாதி படம்தான் வந்துச்சு, அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு நான் போன் பண்ணப்ப எனக்கு குரலே வரல.

அதனால டி750, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஷட்டர் கவுண்ட்ட, அதாவது அதுல இதுவரைக்கும் எத்தனை படம் எடுத்திருக்காங்கன்னு செக் பண்ணிட்டு வாங்குடான்னு சொல்லிட்டேன். ரீல்ஸுக்கு போனே போதும். ட்ரைபாட் மட்டும் வாங்காத, என்கிட்ட ரெண்டு சும்மா கிடக்கு.