கயிற்றுப் புரியும் கொலாஜனும்: வகுப்பறையில் புரோட்டீன் டேட்டா பேங்க்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைச் சென்னையில் ஆராய்ந்த ஜி.என். ராமச்சந்திரன் பாடம் வந்தால் கரும்பலகையில் மூன்று வளைகோடு போட்டு, "இதுதான் கொலாஜன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். பிள்ளைகளும் வரைந்துகொள்வார்கள். மூன்று வருடமாக அப்படிச் செய்வதில்லை. புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தைத் திரையில் திறந்துவைத்தே நடத்துகிறேன்.

1971இல் 7 புரத அமைப்புகளோடு தொடங்கிய சேமிப்பு இது. இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம். தேடும் பெட்டியில் 1சிஏஜி (1CAG) என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கொலாஜன் போன்ற ஒரு சிறு துண்டு, அமினோ அமிலங்கள் கோத்த மூன்று சங்கிலியாக வந்து நிற்கும். விரலால் திருப்பலாம், பெரிதாக்கலாம்.

முதல் தடவை காட்டியபோது, கயிறு திரிக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "மேடம், புரி ஒரு பக்கம் முறுக்கியிருக்கு, கயிறு எதிர்ப்பக்கம் முறுக்கியிருக்கு. எங்க வீட்லயும் அப்படித்தான், இல்லேன்னா பிரிஞ்சிரும்" என்றாள். அவள் சொன்னது அப்படியே சரி. கொலாஜனில் ஒவ்வொரு சங்கிலியும் இடஞ்சுழி, மூன்றும் சேர்ந்த முறுக்கு வலஞ்சுழி. இத்தனை வருடம் பாடம் எடுத்தும் எனக்கு அந்த ஒப்புமை தோன்றியதில்லை.

ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அங்கே வந்த ஆங்கிலேய விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரன் கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே படமெடுத்து, உடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் மூன்று சங்கிலி அமைப்பை வெளியிட்டார். மறுவருடமே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்றார். அணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி இடிக்கின்றன என்று மறுப்பு வந்தது. எவ்வளவு நெருங்கலாம் என்பதை அவர் அடியிலிருந்து கணக்குப் போட்டார். அதில் பிறந்ததுதான் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு 1963இல் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எங்கே திரும்பினால் இடிக்கும் என்று காட்டும் படம்.

தளத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதனோடு சேர்ந்ததுதான். எக்ஸ்ரே முறையில் கண்ட எந்தப் புரதத்தைத் திறந்தாலும், பக்கத்தின் மேலேயே சிவப்பிலிருந்து நீலம் வரை தரம் காட்டும் பட்டைகள் இருக்கும். அதில் ஒரு வரி, ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழும் அமினோ அமிலங்கள் எத்தனை என்பது. உலகத்தில் யார் எங்கே ஒரு புரதத்தைக் கண்டு இங்கே கொண்டுவந்தாலும், சென்னையில் போட்ட அந்தக் கணக்கில் உரசிப் பார்க்கிறார்கள். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

1சிஏஜியில் இன்னொன்றும் பாருங்கள். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும், இருப்பதிலேயே சிறியதான கிளைசினாக இருக்க வேண்டும். நடுவில் வேறெதற்கும் இடமில்லை. இந்தத் துண்டில் ஓரிடத்தில் மட்டும் கிளைசினுக்குப் பதில் அதைவிடச் சற்றுப் பெரிய அலனின் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் முறுக்கு சற்றே தளர்ந்திருப்பது தெரியும். லேசாகத்தான் இருக்கும், பொறுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய்க்கு இப்படிக் கிளைசின் மாறிப்போவதும் ஒரு காரணம். 1994இல் இந்தத் துண்டின் அமைப்பைக் கண்ட குழுவில் ஹெலன் பெர்மனும் ஒருவர். புரோட்டீன் டேட்டா பேங்கைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, பின்னாளில் அதை நடத்தியவரும் அவர்தான். சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு என்றார் ராமச்சந்திரன். 1சிஏஜியின் படிகத்தில் தெரிந்தது ஒன்றுதான். அதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

வாங்குகிற பொருளில்லை என்றாலும் சில எச்சரிக்கைகள். விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில், தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளைகளைத் தனியாக விட்டால் மிரண்டுவிடுவார்கள், முதல் இரண்டு வகுப்பு கூடவே உட்கார வேண்டும். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோம் மாதிரிப் பெரியவற்றைக் குறைந்த விலை போனில் திறக்காதீர்கள், கணினியில் பாருங்கள். டெங்கு வைரஸை வெட்டி ஒட்டும் காகித மாதிரியும் அங்கேயே கிடைக்கும். கெட்டி அட்டையில் அச்சிட்டு, பசை காயும்வரை துணி க்ளிப் போட்டுவையுங்கள்.