24 பவுண்ட் ஸ்பிரிங்கும் என் கட்டைவிரலும்: 10 மி.மீ. பிஸ்டலோடு மூன்றரை வருஷம்

மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஹூஸ்டன் பக்கம் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக ஒரு 10 மி.மீ. பிஸ்டல் வாங்கினேன். 1911 என்ற பழைய அமெரிக்க மாதிரி வகை, 5 அங்குலக் குழல், துருப்பிடிக்காத எஃகு, பார்க்க அவ்வளவு லட்சணம். தயாரித்த கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் புலம்பப் போகிற விஷயத்தில் அவர்கள் தப்பு பெரிதாக எதுவும் இல்லை, எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் செய்த கைவேலைதான் பாதி. கடையில் ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பாதி, அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும்) இழுத்துக் காட்டியது கவுண்ட்டரில் நின்ற பையன். ஆறடிக்கு மேல், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. அவன் சர்ரென்று இழுத்துக் காட்டினான், நானும் தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுத்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இழுத்தால் கால் அங்குலம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

எனக்கு 54 வயது. இரண்டு கையிலும் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்திருக்கிறது, இடது கை கொஞ்சம் மோசம். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கவே யோசித்துக் கைவைக்கிற ஆள். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க, பாட்டில் மூடிக்கே என்னைக் கூப்பிடுறீங்க, பன்றி வந்தா இதையும் நான்தான் வந்து இழுத்துத் தரணுமா?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. பன்றிக்காகத்தான் வாங்கினேன். நண்பர் ஒருவரின் நிலத்தில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம், டெக்சஸில் இது ஊருக்கு ஊர் உள்ள கதை.

10 மி.மீ. பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1983-இல் பிரென் டென் என்ற பிஸ்டலோடு வந்த தோட்டா இது. 1911-க்கு வழக்கமான தோட்டாவான .45 ஏசிபி-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்), இதற்கு 37,500. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ இதன் பக்கம் திரும்பியது, ஆனால் முழு வேகத் தோட்டாவை வைத்துக்கொண்டு எல்லா ஏஜெண்டுகளும் சமாளிக்க முடியாது என்று வேகத்தைக் குறைத்த தோட்டாவுக்குப் போனார்கள், அந்த வழியில் 1990-இல் பிறந்த தோட்டாதான் .40 எஸ்&டபிள்யூ. எஃப்பிஐ ஆட்களுக்கே அப்படியென்றால் எனக்கென்ன வெட்கம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதைத்தான், ஸ்பிரிங்கைக் குறை சொன்னது. ஸ்லைடைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே 24 பவுண்ட் ரீகாயில் ஸ்பிரிங், அதாவது ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் சுருள்வில். 5 அங்குல .45-க்கு 16 பவுண்ட்தான் வழக்கம். பழைய சொந்தக்காரர் கனத்த தோட்டா சுடுகிறவர் போல, உதையைத் தாங்கட்டும் என்று போட்டிருக்கிறார். இந்த 24 என்பது ஸ்லைடு முழுக்கப் பின்னால் வந்து நிற்கும்போது ஸ்பிரிங் தள்ளுகிற அளவு, ஏறக்குறைய 11 கிலோ. உடனே 20 பவுண்ட் ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கடைசி அரை அங்குலம் லேசானது, ஆனால் என் கை மாட்டிக்கொள்வது கடைசியில் இல்லையே, ஆரம்பத்தில்.

இது ஏன் என்று புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டதா என்று தூக்கிப் பார்க்கும் தராசு எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதை எடுத்தேன். துப்பாக்கியைக் காலி செய்து, ஒன்றுக்கு மூன்று முறை பார்த்து, ஸ்லைடின் பின்பக்கம் கயிற்றைச் சுற்றித் தராசில் மாட்டி இழுத்தேன். ஸ்லைடு அசைய ஆரம்பிக்கவே தராசு 10 கிலோவைத் தாண்டியது. அப்புறம் ஹேமரை (பின்பக்கம் வெளியே தெரியும், அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) கட்டைவிரலால் பின்னுக்கு ஏற்றி வைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். 5 கிலோவுக்குள் அசைந்துவிட்டது. பெட்டித் தராசின் கணக்குத்தான், துல்லியமென்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் பாதிக்குப் பாதி வித்தியாசத்துக்குத் துல்லியமான தராசு எதற்கு?

நான் மல்லுக்கட்டியது ஒரு ஸ்பிரிங்கோடு இல்லை, இரண்டோடு. ஹேமர் கீழே படுத்திருக்கும்போது ஸ்லைடை இழுத்தால், ஸ்லைடு முதலில் அந்த ஹேமரைத் தள்ளி நிமிர்த்தியாக வேண்டும், அதற்குப் பின்னால் கைப்பிடிக்குள் ஹேமரை முன்னுக்கு அடிக்கவைக்கும் 23 பவுண்ட் மெயின்ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. ரீகாயில் ஸ்பிரிங் அதற்கு மேல் கூடுதல் சுமை. ஹேமர் ஏற்கெனவே ஏறியிருந்தால் ரீகாயில் ஸ்பிரிங் மட்டும்தான். ஆகவே காசு செலவில்லாத முதல் வைத்தியம் இதுதான்: மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) வெளியே எடு, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலிதான் என்று கண்ணாலும் விரலாலும் பார், குழலைப் பத்திரமான பக்கம் வை, ஹேமரை ஏற்று, அப்புறம் மேகசினைச் செருகி ஸ்லைடை இழு. 1911-இல் ஹேமரை ஏற்றும்போது அரைப்படியில் ஒரு டக், முழுப்படியில் இன்னொரு டக், இரண்டாவது கேட்ட பிறகுதான் விடவேண்டும். சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டைப் போட்டுவிட்டு இழுக்காதீர்கள், இந்த வகையில் அது ஸ்லைடையே பூட்டிவிடும். நானே பத்து நிமிஷம் அப்படி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சேம்பரில் தோட்டா இருக்கும்போது ஹேமரோடு விளையாடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

கிளாக் மாதிரி வெளியே ஹேமர் இல்லாத துப்பாக்கிகளில் இந்த வழி கிடையாது. பெரெட்டா 92 மாதிரி ஹேமர் உள்ளவற்றில் உண்டு.

அடுத்தது பிடி. நான் பெருவிரலும் ஆட்காட்டி விரலுமாகக் கவண்கல் இழுப்பது போல ஸ்லைடின் வாலைக் கிள்ளி இழுத்துக்கொண்டிருந்தேன், தேய்ந்த மூட்டுக்கு அதைவிடக் கெட்ட பிடி இல்லை. இப்போது உள்ளங்கை முழுக்க ஸ்லைடின் மேல் கவிழ்த்து, நான்கு விரலும் அந்தப் பக்கம், உள்ளங்கையின் சதை இந்தப் பக்கம், தோட்டாக்கூடு வெளியே வரும் வாயை மூடாமல் பின்னால் பிடிக்கிறேன். துப்பாக்கியை வயிற்றுக்குக் கிட்டே கொண்டுவந்து, இடது கையால் ஸ்லைடை இழுப்பதற்குப் பதில் வலது கையால் துப்பாக்கியை முன்னுக்குக் குத்துகிறேன். விரல் வேலை தோள் வேலையாகிவிடுகிறது. கடைசிவரை போனதும் விட்டுவிட வேண்டும். கையோடு கூட்டிக்கொண்டு போய் முன்னால் விட்டால் தோட்டா பாதியில் மாட்டும்.

இதில் ஒரு அவமானக் கதை உண்டு. வயிற்றுக்குக் கிட்டே பிடித்தால் வலது கைக்காரனின் குழல் தானாக இடது பக்கம் திரும்பும். முதல்முறை ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) இதைச் செய்தபோது குழல் பக்கத்து லேனைப் பார்த்துவிட்டது. அங்கே ஒரு பெரியவர் நின்றிருந்தார். ரேஞ்ச் அதிகாரி போட்ட சத்தத்தில் காது மூடியைத் தாண்டிக் காது அடைத்தது, அன்றைக்குப் பையைக் கட்டிக்கொண்டு வெளியே போகச் சொன்னார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இப்போது துப்பாக்கியைத் திருப்புவதில்லை, உடம்பைத் திருப்புகிறேன். இடது தோள் இலக்கைப் பார்க்க நின்றால் வயிற்றுக்கு முன்னால் இருக்கும் குழலும் இலக்கையே பார்க்கும்.

இன்னொன்று, இதைக் கவனிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது என்பதுதான் வேடிக்கை. ஒரு நாள் ரேஞ்சில் எத்தனை முறை உண்மையிலேயே முழுக்க இழுக்கிறோம்? கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு தானே பின்னால் பூட்டிக்கொள்ளும். புது மேகசினைச் செருகி, ஸ்லைடைப் பின்னால் பிடித்து வைத்திருக்கும் ஸ்லைடு ஸ்டாப்பைக் கீழே அமுக்கினால் போதும். ஆக, ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் காலி என்று காட்ட ஒன்று. ஆனால் தோட்டா மாட்டிக்கொண்டால் இழுத்துத்தான் ஆகவேண்டும், பன்றி எதிரே நிற்கும்போது மாட்டினால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதனால்தான் பாகங்களிலும் கைவைத்தேன்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்லைடின் பின்னால் இருக்கும் ஃபயரிங் பின் ஸ்டாப் என்ற சின்னத் தகட்டை வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் கீழ் விளிம்பு கத்தி போல நேராக இருந்தது. இந்த விளிம்புதான் ஹேமரைத் தள்ளுகிறது. விளிம்பு கூராக இருந்தால் ஹேமரின் அச்சுக்குக் கிட்டே கீழே தொடும், நெம்புகோல் குட்டையாகிவிடும், கடினமாக இருக்கும். வளைவாக இருந்தால் மேலே தொடும், லேசாக இருக்கும். கனத்த தோட்டா சுடுகிறவர்கள் ஸ்லைடு சீக்கிரம் திறக்காமலிருக்க வேண்டுமென்றே கூர் விளிம்பு போடுவார்கள். பழைய சொந்தக்காரர் 24 பவுண்ட் ஸ்பிரிங், கூர் விளிம்பு இரண்டையும் போட்டு எனக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறார், புண்ணியவான். வளைவு விளிம்புத் தகட்டை அரம் வைத்துப் பொருத்தி, மெயின்ஸ்பிரிங்கை 23-இலிருந்து 19-க்கு மாற்றிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் ஹேமர் படுத்திருக்கும்போதே முதல்முறையாக இழுத்தேன். டிரிகரும் கொஞ்சம் லேசாகிவிட்டது, அதற்குப் பழக நூறு தோட்டா பிடித்தது. வீட்டில் செய்து பார்க்கிற வேலையில்லை இது, ஹேமரும் டிரிகரும் சம்பந்தப்பட்ட எதையும் நான் தொடமாட்டேன்.

அப்புறம் பேராசை. ரீகாயில் ஸ்பிரிங்கை 20-இலிருந்து 18 ஆக்கினால் இன்னும் சுகமாக இருக்குமே என்று போட்டேன். இழுக்கப் பூ மாதிரி இருந்தது. 180 கிரெயின் (குண்டின் எடைக்கான அளவு), நொடிக்கு 1,030 அடி வேகத்தில் போகும் சாதாரணப் பயிற்சித் தோட்டாவுக்கு ஒரு குறையுமில்லை. நண்பர் நிலத்தில் 200 கிரெயின் கனத்த தோட்டாவைச் சுட்டபோதுதான் தெரிந்தது. ஸ்லைடு பின்னால் வந்து ஃபிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பாதி) இடிப்பது மணிக்கட்டில் தனியாக உறைத்தது. வெற்றுக்கூடுகள் வலது பக்கம் இருபதடி தாண்டி நண்பரின் டிரக்குக்குக் கீழே போய் விழுந்தன, பொறுக்கிப் பார்த்தால் வாய் ஓரம் நசுங்கியிருந்தது. இழுப்பதில் மிச்சம் பிடித்த பலத்தை ஃபிரேம் கட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து ரவுண்டோடு நிறுத்தினேன். இப்போது ரீகாயில் ஸ்பிரிங் ரேஞ்சுக்கு 20, பன்றிக்கு 22. இரண்டும் தனித்தனி ஜிப் கவரில், மேலே மார்க்கரால் எண் எழுதி, மெயின்ஸ்பிரிங் 19-இலேயே. மாற்ற மூன்று நிமிஷம்.

சின்னச் சாமான்களில், ஸ்லைடின் பின்பக்கம் ஒட்டும் சொரசொரப்பு டேப் நல்ல பலன், ஆனால் வியர்வையில் ஆறு மாதத்தில் உரிகிறது. ரப்பர் பூசிய தோட்ட வேலைக் கையுறை அதைவிட மேல், பார்க்கத்தான் கோமாளித்தனம். ஸ்லைடு ஓடும் ரெயிலில் ஆயில் விடாமல் வைத்துக்கொண்டு இறுக்கம் என்று புலம்புகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். ஸ்லைடின் முன்பக்கம் பிடிப்புக்காக வெட்டிய வரிகளைப் பிடித்து இழுப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை, விரல் குழல் வாய்க்குக் கிட்டே போகிறது.

மனைவிக்கு ஆசை வந்து அவளும் ரேஞ்சுக்கு வர ஆரம்பித்தாள், என் துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. சின்னத் தோட்டா என்றால் லேசாக இருக்கும் என்று நான் வாடகைக்கு ஒரு வால்தர் பிபிகே எடுத்துக் கொடுத்தேன், .380 தான், ஆனால் அவளால் இழுக்கவே முடியவில்லை. அது ப்ளோபேக். குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்ளாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே எல்லாவற்றையும் தாங்க வேண்டும், அதனால் ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கும். பூட்டிக்கொள்ளும் வகையான ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்ட் ஈஸி 2018-இல் வந்தது, அதே .380, இரண்டு விரலில் இழுக்கிறாள். குழலையே மேலே தூக்கித் தோட்டாவை நேராக வைக்கிற பெரெட்டா 86 மாதிரியும் உண்டு, அதில் ஸ்லைடை இழுக்கும் வேலையே இல்லை, பழசு, கிடைப்பது கஷ்டம்.

என்னுடையதில் இதுவரை 2,600 ரவுண்டு போயிருக்கும். 20 பவுண்ட் ஸ்பிரிங் ஒருமுறை மாற்றினேன், புதிதாகப் போட்டதும் ஒரு வாரம் மறுபடி கல் மாதிரி இருந்து, சுடச்சுடப் படிந்தது. ஜனவரிக் குளிரில் காலை ஏழு மணிக்கு வயலில் நிற்கும்போது மட்டும் இடது கட்டைவிரல் இன்னும் முணுமுணுக்கிறது, அன்றைக்கு ஹேமரை முதலில் ஏற்றிவிட்டுத்தான் இழுக்கிறேன்.