கிட் லென்ஸுக்கு அப்புறம் எது? 50 எம்எம், சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது கேனான் 200டி கேமரா, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ். அடுத்த லென்ஸுக்கென்று ஒதுக்கி வைத்தது பத்தாயிரம் ரூபாய். அதற்கு மேல் போனால் வீட்டில் கணக்குச் சொல்லி மாளாது. அந்தப் பணத்துக்குள் அப்போது மூன்று வழி இருந்தது. 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் புதிதாகவே கிடைத்தது (எம்எம் கூடக் கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் அதிகம் விடும், எஸ்டிஎம் என்பது கேனானின் ஒருவகை ஃபோகஸ் மோட்டார்). 24 எம்எம் எஃப்/2.8 பான்கேக் (தட்டையான சின்ன லென்ஸ்), 55-250 ஜூம் இரண்டையும் செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடிக்க வேண்டும். நான் வாங்கியது 50. வருடங்கள் ஓடிவிட்டன, இன்றும் பையைத் திறந்தால் பெரும்பாலும் கேமராவில் மாட்டியிருப்பது அதுதான்.

இருந்தாலும், 'எல்லாரும் 50தான் வாங்குறாங்க' என்பதற்காக அதை வாங்காதீர்கள். நான் கணக்குப் போட்டது வேறு மாதிரி. கையில் ஏற்கெனவே இருக்கும் கிட் லென்ஸ் எங்கே மண்டியிடுகிறது என்று பார்த்தேன். 24 எம்எம்மில் அது எஃப்/4 வரை திறக்கும். பான்கேக் வாங்கினால் எஃப்/2.8, அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். அதற்காக கிட் லென்ஸில் இருக்கும் ஐஎஸ்ஸையும் (கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதி) இழக்க வேண்டும். 50 எம்எம்மிலோ கிட் லென்ஸ் எஃப்/5.6தான். அங்கே எஃப்/1.8 கிடைத்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒரே பணத்துக்கு எது அதிகம் தருகிறது என்று இதைவிடத் தெளிவாகத் தெரியாது.

பத்து மடங்கு என்றால் நடைமுறையில் என்ன? நவராத்திரிக்கு அக்கா வீட்டுக் கொலுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் ஒரு டியூப்லைட், படிகளில் சீரியல் பல்ப். கிட் லென்ஸை 50க்கு இழுத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400, ஷட்டர் 1/15 நொடி என்று வந்து நிற்கும். ஐஎஸ் இருப்பதால் பொம்மைகள் ஆடாமல் வந்துவிடும். படியோரம் பாவாடை சட்டையில் சுற்றும் அக்கா மகள் மட்டும் கலங்கிய உருவமாகத்தான் வருவாள். நம் கை ஆட்டத்தைத்தான் ஐஎஸ் தாங்கும், குழந்தையின் ஆட்டத்தை இல்லை. அதே இடத்தில் 50ஐ எஃப்/1.8க்குத் திறந்தால் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/80. அவள் கொஞ்சம் நின்றால் போதும், முகம் கிடைத்துவிடும்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒன்றரை மீட்டர் தூரத்தில் எஃப்/1.8இல் ஃபோகஸ் ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர்தான். கண்ணில் வைத்தால் காது மங்கிவிடும். அக்கா மகளே ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, என் கம்மல் எங்க?" என்று கேட்டாள். புதுக் கம்மல், அதைக் காட்டத்தான் நின்றிருக்கிறாள். இப்போது ஆள் படம் என்றால் எஃப்/2.8க்கு வந்துவிடுகிறேன். ஆழமும் ஒன்பதரை சென்டிமீட்டர் ஆகிறது, கூர்மையும் நன்றாகவே கூடுகிறது. எஃப்/1.8 என்பது வேறு வழியில்லாத இருட்டுக்கு மட்டும்.

இனி இந்த லென்ஸின் பெரிய சிக்கல். 200டி மாதிரி கிராப் சென்சார் (பழைய ஃபிலிம் அளவைவிடச் சின்ன சென்சார்) கேமராவில் 50 எம்எம் பார்ப்பது 80 எம்எம் போல. ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் நான்கு மீட்டர் பின்னால் போக வேண்டும். பதிமூன்று அடி! சென்னையில் எத்தனை ஃபிளாட்டில் ஹால் பதிமூன்று அடி இருக்கிறது, அதுவும் சோபா, டிவி ஸ்டாண்டு போக? வாசற்படி தாண்டி லிஃப்ட் பக்கத்தில் நின்று வீட்டுக்குள் இருப்பவர்களை எடுத்திருக்கிறேன். குடும்பமாக நின்று ஒரு படம் என்றால் பேசாமல் கிட் லென்ஸை 18இல் மாட்டிவிடுங்கள், 50ஐ நம்பாதீர்கள். அறுபத்து மூவர் கூட்டத்தில் மயிலாப்பூர் மாட வீதியில் நின்றாலும் இதே கதைதான். பின்னால் நகர ஒரு அங்குலம் இருக்காது.

மார்கழிக் காலையில்தான் அது தன் காசுக்கு உழைக்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில், ஐந்தரை மணி வாக்கில், வாசலில் கோலம் போடுகிறவரை எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்கலாம். முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டியதில்லை, அவர்களுக்கும் தொந்தரவில்லை (முதலில் கேட்டுவிட்டு எடுங்கள், அது வேறு விஷயம்). விரலிடுக்கிலிருந்து மாவு இறங்கும் அந்தக் கோடு தனியாகத் தெரியும், பின்னால் நிற்கும் பைக்கெல்லாம் கரைந்துபோகும். குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 35 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் ஃபிரேமுக்குள் வருவது பத்து சென்டிமீட்டர் அகலத்துக்குக் கொஞ்சம் மேல். கொலுப் பொம்மையின் முகம் தாராளமாகக் கிடைக்கும். மூக்குத்தியை நிரப்பி எடுக்க முடியாது, அதற்கு மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேண்டும்.

கட்டுமானம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 160 கிராம், 49 எம்எம் ஃபில்டர், 2015இல் வந்த வடிவமைப்பு. பழைய பதிப்பில் பிளாஸ்டிக்காக இருந்த மவுண்ட் இதில் உலோகம். வீடியோ எடுத்தால் கேமராவின் சொந்த மைக்கில் ஃபோகஸ் மோட்டார் சத்தம் விழும்; வெளி மைக் போட வேண்டும். எஃப்/1.8இல் வெயிலில் மின்னும் எவர்சில்வர் குடத்தின் விளிம்பில் ஊதாக் கோடு தெரியும், இரண்டு ஸ்டாப், அதாவது எஃப்/3.5 வாக்கில் குறைத்தால் அநேகமாகப் போய்விடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஃபோகஸ் ஆகும்போது இதன் முன்குழல் வெளியே நீளும். நீண்ட நிலையில் இடிபட்டால் ஃபோகஸ் பொறி சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால் எப்போதும் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் காப்பு வளையம்) மாட்டியே வைத்திருக்கிறேன். இடி ஹூட்டின் மேல் விழும், குழலின் மேல் விழாது.

சென்னையில் லென்ஸ் வைத்திருப்பவர் விமர்சனத்தில் படிக்க முடியாத ஒரு விஷயம் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நாட்கள் சகஜம். கேமரா பையை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மழை முடிந்து திறந்தால், கண்ணாடிக்குள் சிலந்திவலை போல மெல்லிய இழைகள் படர்ந்திருக்கும். பல நாள் விட்டால் அது கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கையே அரித்துவிடும். டிரை கேபினட்டுக்குக் காசில்லை. அதனால் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதில் சிலிக்கா ஜெல், கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவே நின்றால் நிம்மதி. நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்துருண்டை போட்ட பீரோவில் மட்டும் வைக்காதீர்கள், அந்த ஆவியும் கண்ணாடிக்கு ஆகாது.

இன்னொன்று, ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை எடுக்க வேண்டாம். வெளிக்காற்று பட்டதுமே லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். பையை மூடியே வைத்து இருபது நிமிடம் போகட்டும், காசிமேடு துறைமுகத்துப் படகுகள் எங்கேயும் ஓடிப் போகாது. கடற்கரையிலிருந்து திரும்பி வந்ததும் லேசாக ஈரப்படுத்திய துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள், உப்பு உட்கார்ந்தால் விடாது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் செல்போன் டார்ச் போதும். பின்பக்கத்திலிருந்து ஒளி விட்டு முன்பக்கமாக, சற்றே சாய்த்துப் பாருங்கள். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 55-250ஐ இப்படிப் பார்த்தபோது உள்ளே இழை இழையாகத் தெரிந்தது. "அது தூசி சார், துடைச்சா போயிடும்" என்றார் கடைக்காரர். தூசி புள்ளியாக இருக்கும், கிளை விடாது. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எஸ்டிஎம் லென்ஸ்களில் இன்னொரு சங்கதி: ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில்தான் வேலை செய்யும். வெறும் லென்ஸைக் கையில் வைத்துத் திருகிப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போய், மாட்டிப் பாருங்கள்.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. டி3000, டி5000 வரிசை கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. விலை மலிவு என்று, தன்னுள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி 50ஐ வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அவர்களுக்கு 35 எம்எம் எஃப்/1.8ஜி டிஎக்ஸ் இருக்கிறது. கோணமும் வீட்டுக்குள் தோதானது. கேனான் இஎஃப் வரிசையில் அதே விலையில் அப்படி ஒன்று இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

55-250ஐ நான் வாங்கவே இல்லை. பள்ளிக்கரணைக்குப் பூநாரை பார்க்கப் போகும்போது மட்டும் வாடகைக்கு எடுப்பதுண்டு. வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் வாடகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அடையாள அட்டையும் டெபாசிட்டும் கேட்பார்கள். 250 எம்எம் என்பது நம் கேமராவில் 400 எம்எம் போல. கூழைக்கடா, பூநாரை மாதிரிப் பெரிய பறவைக்குச் சரி, மீன்கொத்திக்குப் போதாது. எஃப்/5.6 என்பதால் வெயில் ஏறியபின்தான் கை கொடுக்கும். வருடத்தில் எப்போதோ தேவைப்படுவதற்கு வாடகை தாராளம்.

அடுத்து எது என்றால், அதே கணக்கின்படி 10-18 ஐஎஸ் எஸ்டிஎம். கிட் லென்ஸ் 18க்குக் கீழே போகவே போகாது. ஜார்ஜ் டவுன் சந்துகளிலும் நம் ஹாலிலும் குறைவது அதுதான். எஃப்/4.5-5.6 என்ற இருட்டு பிடிக்கவில்லை என்றாலும், அகலக் கோணத்தில் ஐஎஸ் அதை ஓரளவு ஈடுகட்டும். மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறவர்கள் இஎஃப்-எஸ் (கிராப் சென்சாருக்கான கேனான்) லென்ஸ்களை விற்றுத் தள்ளுவதால் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகிறது. பூஞ்சை இல்லாமல், பில்லோடு ஒன்று என் பத்தாயிரத்துக்குள் வந்தால் எடுத்துவிடுவேன். மழைக்காலம் முடிந்ததும் விற்க வருபவற்றை மட்டும் இரண்டு தடவை பார்ப்பேன்.