அக்காவோட ஆக்சிடென்ட் கேஸ நடத்தின வக்கீல் பத்தி: கலிஃபோர்னியால தேடுறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

கலிஃபோர்னியால ரோட்டுல அடிபட்டுட்டு எந்த வக்கீல்கிட்ட போறதுன்னு தெரியாம இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ண ஏன் குறைச்சேன்னு கீழ சொல்றேன்.

எங்க அக்கா கிராஸ்வாக்ல (ரோட்ட கடக்கறதுக்குன்னு கோடு போட்ட எடம்) நடந்து போகும்போது ஒரு கார் இடிச்சு கால் எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சாங்க. ஆஸ்பத்திரில இருக்கும்போதே டிரைவரோட இன்சூரன்ஸ் கம்பெனிலேர்ந்து ஒருத்தர் ரொம்ப அன்பா பேசி, நடந்தத சொல்லுங்க ரெக்கார்ட் பண்ணிக்கறோம்னு கேட்டார். வக்கீல் சொன்ன மொத விஷயமே அத ஒத்துக்காதீங்கங்கறதுதான், எதிர்த்தரப்பு இன்சூரன்சுக்கு அப்படி ஸ்டேட்மென்ட் குடுக்கணும்னு நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லயாம், வலி மாத்திரை மயக்கத்துல "இப்ப பரவால்ல"ன்னு ஒரு வார்த்த வாயில வந்துட்டா அதையே பின்னாடி எடுத்துக் காட்டுவாங்களாம்.

அக்காவுக்கு கேஸ் போடவே மனசில்ல. கார் ஓட்டின அந்தப் பையன் வேணும்னேவா இடிச்சான், அவன்கிட்ட காசு பிடுங்கறதா, பாவம்னு சொல்லிட்டே இருந்தா. வக்கீல் அவள அவசரப்படுத்தல. பொறுமையா உக்காந்து, "பெரும்பாலும் பணம் குடுக்கப்போறது அவரோட இன்சூரன்ஸ்தான், அதுக்குத்தான் அவர் பிரீமியம் கட்டறார்"னு விளக்கினார். அதே சமயம் அந்த இன்சூரன்ஸ்ல எவ்ளோ கம்மியா இருக்கலாம்னும் மறைக்காம சொன்னார். இங்க சட்டப்படி ஒருத்தருக்கு அடிபட்டா குறைஞ்சபட்ச கவரேஜ் 15,000 டாலரா பல காலம் இருந்து 2025 ஜனவரிலேர்ந்துதான் 30,000 ஆச்சு, ஒரு ஆபரேஷனுக்கே அது பத்தாது. அதனால உங்க சொந்த கார் பாலிசில அன்இன்சூர்ட் மோட்டரிஸ்ட் கவரேஜ (இடிச்சவர்கிட்ட இன்சூரன்ஸ் இல்லன்னாலோ பத்தலன்னாலோ நம்ம பாலிசியே குடுக்கறது) எடுத்துப் பாருங்க, நீங்க நடந்து போகும்போது இடிச்சாலும் அது உதவும். இத எல்லாரும் இன்னிக்கே செக் பண்ணுங்க ப்ளீஸ்.

ஃபீஸ் பத்தி. கேஸ் ஜெயிச்சாதான் காசு, கோர்ட்டுக்குப் போகாம முடிஞ்சா மூணுல ஒரு பங்கு, கேஸ் ஃபைல் பண்ணிட்டா 40 சதவீதம்னு அக்ரிமென்ட். இந்த சதவீதம் சட்டம் நிர்ணயிச்சது இல்ல, பேசிக் குறைச்சுக்கலாம்னு அக்ரிமென்ட்லயே எழுதணும்னு கலிஃபோர்னியால விதியே இருக்கு, இவர் அந்த வரிய விரல் வச்சுக் காட்டினார். எக்ஸ்பர்ட் செலவு, ரெக்கார்ட் வாங்கற செலவெல்லாம் ஃபீஸுக்கு வெளில. அப்புறம் ஹெல்த் இன்சூரன்ஸ்காரங்க அவங்க கட்டினத செட்டில்மென்ட்லேர்ந்து திருப்பிக் கேப்பாங்க, அத இவர் பேசி நல்லாவே குறைச்சுக் குடுத்தார்.

எனக்கு இவர் மேல மரியாதை வந்த இடம் வேற. கிராஸ்வாக்க ஒட்டி ஒரு வேன் நின்னுட்டிருந்துது, அது மறைச்சதாலதான் டிரைவருக்கு அக்கா தெரியல. இவர் நேர்ல அந்த எடத்துக்கே போய் அளந்து போட்டோ எடுத்தார். கிராஸ்வாக்குக்கு முன்னாடி 20 அடிக்கு வண்டி நிறுத்தக்கூடாதுன்னு ஏபி 413னு ஒரு சட்டம் வந்து 2025லேர்ந்து ஃபைன் போடறாங்க, ஆனா கர்ப்ல (ரோட்டோரத் திண்டுல) சிவப்பு பெயின்ட் அடிக்காத எடத்துல யாருக்குத் தெரியும்னு கோவமா கேட்டார். அப்போ பெயின்ட் அடிக்காத சிட்டி மேலயும் கேஸ் போடலாமான்னு நாங்க கேட்டோம். காயத்துக்கு பொதுவா 2 வருஷம் டைம் இருந்தாலும் அரசாங்க அமைப்புன்னா 6 மாசத்துக்குள்ள எழுத்துல கிளெய்ம் குடுத்தாகணும், ஆனா உங்க கேஸ்ல அவங்க தப்ப நிரூபிக்கறது கஷ்டம், வீண் செலவுன்னு நேரா சொல்லிட்டார். கேஸ பெருசாக்கிக் காட்டாத வக்கீல் கிடைக்கறது பெரிய விஷயம்.

அவரோட பேச்சுல அடிக்கடி வர்ற ஒண்ணு, ஒரு கேஸ ஒழுங்கா நோண்டினா அடுத்த ஆக்சிடென்ட தடுக்கலாம்ங்கறது. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்ல சாவி போடற இக்னிஷன் ஸ்விட்ச், வண்டி ஓடும்போதே நழுவி இன்ஜின் ஆஃப் ஆன விஷயத்த சொன்னார். 2010ல ஜார்ஜியால ஒரு இளம்பெண் கார் விபத்துல செத்துப்போக, பெத்தவங்க போட்ட கேஸுக்காக வச்ச இன்ஜினியர் பழைய ஸ்விட்ச்சையும் புதுசையும் பிரிச்சுப் பாத்து, பார்ட் நம்பர மாத்தாமலே கம்பெனி உள்ள டிசைன மாத்தியிருக்குன்னு கண்டுபிடிச்சார். 2014ல 26 லட்சம் கார் ரீகால் ஆச்சு, நஷ்டஈட்டு ஃபண்ட் ஏத்துக்கிட்ட சாவு மட்டும் 124. அதனாலதான் வெளில சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கற ரகசிய செட்டில்மென்ட் இவருக்குப் பிடிக்காது. ஒரு பொருள்ல குறை இருக்குன்னு தெரிஞ்சும் மூடி வச்சா அடுத்த குடும்பம் மாட்டும்ங்கறார். எனக்கும் அது நூத்துக்கு நூறு சரின்னு படுது.

ஜூரி (கோர்ட்ல தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு) மேல இவருக்கு நம்பிக்கை அதிகம். இங்க சிவில் கேஸ்ல 12 பேர்ல 9 பேர் ஒத்துக்கிட்டா போதும். எதிர்த்தரப்பு அக்கா போன பாத்துட்டே நடந்தான்னு சொல்லிப் பாத்துது. கலிஃபோர்னியால நம்ம பங்கு தப்பு எவ்ளோவோ அவ்ளோதான் பணம் குறையும், வர்ஜீனியா, மேரிலாண்ட், வட கரோலினா, அலபாமால எல்லாம் நம்ம மேல கொஞ்சம் தப்பு இருந்தாலே மொத்தமும் போயிடலாம்னு கேட்டப்போ பகீர்னு இருந்துது. போன் ரெக்கார்ட வரவச்சு அந்தப் பேச்ச அடக்கினார், கேஸ் கோர்ட்டுக்குப் போகாமலே முடிஞ்சுது.

குறைச்ச ஸ்டார் எதுக்குன்னா, கையெழுத்து போட்டதுக்கப்புறம் போன் பண்ணா எடுக்கறது பாராலீகல்தான் (வக்கீலோட உதவியாளர்), அவங்களும் நடுவுல மாறிட்டாங்க, மாசக்கணக்கா ஒரு தகவலும் இல்லாம அக்கா தூக்கமில்லாம கிடந்தா. ஹெல்த் இன்சூரன்ஸ் திருப்பிக் கேக்கும்ங்கறதும் மொத நாளே சொல்லியிருக்கணும், கடைசிலதான் தெரிஞ்சுது. நீங்க யாரப் புடிச்சாலும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி என் ஃபைல தினமும் பாக்கப்போறது யாரு, மாசம் ஒரு தடவ ஈமெயில்ல நிலவரம் வருமா, கடைசில எங்க கைக்கு எவ்ளோ நிக்கும்னு கேட்டு, பதில எழுத்துல வாங்கிக்கங்க.