இலவச மோடுக்குக் காசு கேட்கிறார்கள், கவனம்

ஃப்ரைடே நைட் ஃபங்கின் விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். ரசிகர்கள் செய்து இலவசமாக விட்ட ஒரு பேய்க் காமெடி மோடை (அசல் விளையாட்டை மாற்றி ரசிகர்கள் செய்யும் பதிப்புதான் மோட்), "முழுப் பதிப்பு" என்று சொல்லி என்னிடம் 349 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். காசோடு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. என் தம்பியின் டிஸ்கார்ட் (அரட்டைச் செயலி) கணக்கும் போய்விட்டது.

தெரியாதவர்களுக்கு: இது 2020 அக்டோபரில் ஒரு கேம் ஜாமுக்காக, அதாவது சில நாளில் விளையாட்டு செய்து முடிக்கும் போட்டிக்காகப் பிறந்த விளையாட்டு. திரையில் அம்புக்குறிகள் ஏறி வரும். பாட்டின் தாளத்துக்குச் சரியாகக் கீயை அழுத்த வேண்டும். நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதால், ரசிகர்கள் தாங்களே பாத்திரம் வரைந்து பாட்டுப் போட்டு மோட் செய்கிறார்கள். அசல் விளையாட்டின் இரண்டாவது 'வாரத்திலேயே' (கட்டங்களுக்கு அதில் அப்படிப் பெயர்) பூசணித் தலை மாட்டிய பொடியனும் எலும்புக்கூட்டு உடை போட்டவனும் வந்துவிடுவார்கள். அதனால் சிரிப்பும் பயமும் கலந்த மோடுகளுக்கு எப்போதும் கிராக்கி. கேம்பனானா என்ற மோட் பகிரும் தளத்தில் இவை சும்மாவே கிடைக்கும்.

"அக்கா, கடைசி மூணு பாட்டு இவங்ககிட்ட மட்டும்தான் இருக்காம்" என்று தம்பி ஒரு வீடியோவைக் காட்டினான். அதன் கீழே ஒரு குழுவின் லிங்க். கியூஆர் கோடு அனுப்பினார்கள், பணம் போனதும் ஒரு ஜிப் வந்தது. உள்ளே ஒரு இன்ஸ்டாலர். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்லி ஒரு குறிப்பு. கேட்டதற்கு, "மோடுன்னா வைரஸ்னுதான் காட்டும் ப்ரோ" என்றார்கள்.

ஓட்டிய பிறகு ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அந்த மூன்று "புதிய" பாட்டுகளும் முதல் பாட்டின் அதே ஓஜிஜி ஆடியோ கோப்புகள்தான், பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். அம்பு ஒரு பக்கம் போகிறது, தாளம் ஒரு பக்கம் போகிறது. கிரெடிட்ஸ் பக்கத்தில் வரைந்தவர், இசை போட்டவர், அம்பு அமைத்தவர் என ஒருவர் பெயரும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தங்கள் குழுவின் பெயரைப் போட்டிருந்தார்கள். வயிறு எரிந்தது. ஒரு பைசா வாங்காமல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தவர்களின் உழைப்பு அது.

மறுநாள் தம்பியின் கணக்கிலிருந்து அவன் நண்பர்கள் எல்லோருக்கும் அதே லிங்க் போயிருந்தது. வேறொரு போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் புகார் கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை.

சைக் எஞ்சினுக்கான (மோடுகளை ஓட்ட ரசிகர்கள் செய்த மென்பொருள்) மோட் என்றால், ஜிப்பைப் பிரித்து 'மோட்ஸ்' ஃபோல்டருக்குள் போட்டாலே போதும், இன்ஸ்டாலருக்கு அங்கே வேலையே இல்லை. சில பெரிய மோடுகள் தனி எக்ஸ்இ கோப்பாக வரும், சரி. அதையும் செய்தவர்களின் பக்கத்திலிருந்தே எடுங்கள். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

அந்தக் குழு பெயரை மாற்றிக்கொண்டு இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. இப்படி யாராவது காசு கேட்டால், மோட் செய்தவர்களுக்கும் ஒரு தகவல் போட்டுவிடுங்கள். நான் போட்டேன், தங்கள் மோடை யாரோ விற்கிறார்கள் என்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது.