மூன்று வருஷம் 1841 ரவுட்டரோடு: சீரியல் போர்ட் எண் பிடிபட்ட கதை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு சிஸ்கோ 1841, ஒரு 2611எக்ஸ்எம் என்று மூன்று ரவுட்டர்கள் (நெட்வொர்க்குகளை இணைக்கும் பெட்டிகள்) ஓடிக்கொண்டிருக்கின்றன. லேப் தேர்வுக்காகப் பழைய விலைக்கு வாங்கினேன். சத்தம் அதிகம், பூட் ஆக நேரம் பிடிக்கும். மற்றபடி குறையில்லை.

என்னை ரொம்ப நாள் படுத்தியது சீரியல் போர்ட்டின் (இரண்டு ரவுட்டர்களைக் கேபிளால் இணைக்கும் போர்ட்) எண்தான். பாக்கெட் ட்ரேசரில் (சிஸ்கோவின் நெட்வொர்க் பயிற்சி மென்பொருள்) பொதுவான ரவுட்டர்-பிடியை (Router-PT) இழுத்துப் போட்டால் சீரியல்2/0, 3/0 என்று காட்டும். 2611-இல் 0/0. 1841-இல் 0/0/0. மனப்பாடம் செய்தேன், நிற்கவில்லை.

தெளிவு வந்தது ஒரு தப்பால். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வீசும் உப்புக்காற்றில் ஒரு ஸ்லாட் சரியாகப் பிடிக்காமல் போனது. பவரை அணைத்து, விக்-2டி கார்டை (இரண்டு சீரியல் போர்ட் உள்ள கார்டு) பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினேன். பூட் ஆகும்போது, சேமித்து வைத்திருந்த சீரியல்0/0/0 வரிக்குக் கீழே '^' குறியோடு பிழை வந்து நின்றது. ஐபி முகவரி, க்ளாக் ரேட் (லைனின் வேகம்) எதுவும் ஏறவில்லை. போர்ட்களைப் பட்டியலிடும் ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் சீரியல்0/1/0, 0/1/1! அந்த எண் ஒரு விலாசம் என்று அப்போதுதான் உறைத்தது. முதல் எண் பெட்டி, நடு எண் கார்டு ஸ்லாட், கடைசி எண் போர்ட்.

2611 அப்படியில்லை. அதில் சீரியல் கார்டு ஒன்றே ஒன்று இருந்தால், எந்த விக் ஸ்லாட்டில் செருகினாலும் 0/0-இல்தான் தொடங்கும். பெரிய மாட்யூல் ஸ்லாட்டில் போட்டால் மட்டும் 1/0. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை ராத்திரி வீணானது என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பயிற்சிக்கு வரும் பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணே, லேப் படத்துல எஸ்0/0/0 போட்டிருக்கு, இங்க வரலையே" என்பான். "படத்த விடு, முதல்ல ரவுட்டரக் கேளு" என்பேன். எண் தெரிந்ததும் ஷோ கன்ட்ரோலர்ஸ் கட்டளையை அடித்தால் கேபிளின் எந்த முனை டிசிஇ (க்ளாக் தரும் முனை) என்று அதுவே சொல்லிவிடும். க்ளாக் ரேட் 64000 அந்தப் பக்கம்தான். போன வாரம் லைன் ப்ரோட்டோகால் 'அப்' ஆனதும், அதாவது இணைப்பு உயிர்பெற்றதும், அவன் மாடிப்படியில் குதித்து இறங்கினான்.